நொச்சி சூடியவர்கள்



விளையாட்டைப் பற்றிப் பேசுங்கள் என்று இந்த அறக்கட்டளையார் கேட்டவுடன் எனக்கு ஒரு பழைய பரிசளிப்பு விழாதான் நினைவுக்கு வந்தது. மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், அறுவடை முடிந்த ஒரு நிலத்தில் நடந்த கபடி இறுதி ஆட்டம். எதிரணி ஊத்துக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. அவர்களிடம் ஒரு ரைடர், அதாவது பாடிப் போகிறவர், இருந்தார். நம் பக்கத்து ஊர்களில் அவர் பெயரைச் சொன்னாலே பிள்ளைகள் பின்கோட்டுக்கு ஒதுங்குவார்கள். அன்று அவர் சரியாக ஆடவில்லை. நாங்கள் வென்றோம். 'சிறந்த ஆட்டக்காரர்' என்று ஒரு வெள்ளிக் குடம் கொடுத்தார்கள். அது எங்கள் அணியில் பாடிப் போனவருக்குப் போனது. தகுதியானவர்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் இடது கார்னர், அதாவது இடது ஓரத்தில் நின்று பிடிப்பவர், அன்று முழு ஆட்டத்திலும் பிடித்தது ஒரே ஒரு பிடி. மேடையில் அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டம் கலைவதற்கு முன்பே அவர் கிளம்பிவிட்டார். அந்த ஒரு பிடியின் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

நம் ஊரில் இந்த ஆட்டத்தைத் தமிழில் சடுகுடு என்போம், தெலுங்கில் செடுகுடு என்போம். எந்த மொழியில் சொன்னாலும் பெயர் பாடிப் போகிறவர் வாயிலிருந்து வந்ததுதான். மூச்சடக்கிப் பாடுகிறவரின் ஒலியே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. காத்து நிற்கிற ஏழு பேருக்கு அந்தப் பெயரில் இடம் இல்லை. சினிமாவும் அப்படித்தான் பார்த்தது. 'கில்லி' ஆகட்டும், 'வெண்ணிலா கபடிக்குழு' ஆகட்டும், கோட்டைத் தாண்டிப் போகிறவர் பின்னால்தான் கேமராவும் போகிறது.

புள்ளித்தாள் எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்கள். ஒருவர் பாடிப் போய் மூன்று பேரைத் தொட்டுத் திரும்பினால் மூன்று புள்ளி. மூன்றும் அவர் பெயரில். அவரை நான்கு பேர் சேர்ந்து மடக்கினால் ஒரு புள்ளி. களத்தில் மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நின்று பிடித்தால் அது சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. அந்தப் புள்ளியும் பிடித்தவர்களில் ஒருவர் பெயரில்தான் ஏறும். கணுக்காலில் கை வைத்தவர் பெயர் எழுதப்படும். அடுத்த நொடியே நடுக்கோட்டுக்கும் ரைடருக்கும் நடுவே சுவராக வந்து விழுந்த கவர் ஆட்டக்காரரின் பெயர் வராது. செயின் போட்ட கையை விடாமல் பிடித்தவர் பெயரும் வராது.

யாரையும் தொடாமல், போனஸும் எடுக்காமல் ரைடர் வெறுங்கையோடு திரும்பினால்? ஒருவருக்கும் புள்ளி இல்லை. காத்து நின்றவர்களுக்கோ அது முழு வெற்றி. ஓர் அணிக்குத் தொடர்ந்து இரண்டு ரைடு அப்படி வெறும் பாட்டாகப் போனால் மூன்றாவது ரைடு 'டூ ஆர் டை'. அதில் புள்ளி எடுக்காவிட்டால் ரைடர் வெளியே போக வேண்டும். அந்த மூன்றாவது ரைடில் அவர் அவசரப்பட்டு மாட்டினால் பிடித்தவருக்குப் புள்ளி உண்டு. முதல் இரண்டு ரைடிலும் இடமே கொடுக்காமல் நெருக்கி நின்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பிடிக்கப் பாய்ந்து நழுவவிட்டால் மட்டும் உடனே எதிரணிக்குப் புள்ளி, தான் அவுட். காப்பவனின் தவறு ஒவ்வொன்றும் கணக்கில் ஏறுகிறது; அவன் செய்த நல்லதில் பாதி ஏறுவதில்லை.

2014இல் தொடங்கிய புரோ கபடி லீக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பதினோரு பருவங்களில் 'மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்' விருது பெற்றவர்களில், பிடிப்பதை மட்டுமே தொழிலாகக் கொண்டவர் ஒருவர்கூட இல்லை. அனூப் குமார், ரோஹித் குமார், பர்தீப் நர்வால், பவன் செராவத், நவீன் குமார், அர்ஜுன் தேஷ்வால் எல்லாரும் பாடிப் போகிறவர்கள். மஞ்சீத் சில்லரும் அஸ்லம் இனாம்தாரும் ஆல்ரவுண்டர்கள். பதினோராம் பருவத்தில் விருது வாங்கிய ஈரானின் முகமதுரெசா ஷாட்லூயி அடிப்படையில் பிடிப்பவர்தான். ஆனால் அந்த ஆண்டில் அவர் பாடிப் போயும் புள்ளி சேர்த்தார்.

2017இல் பர்தீப் நர்வால் ஒரே பருவத்தில் 369 ரைடு புள்ளி எடுத்தார். அடுத்த ஆண்டு உ.பி. யோத்தா அணியின் நிதேஷ் குமார் ஒரு பருவத்தில் 100 டேக்கிள் புள்ளி எடுத்தார். அந்த லீக்கில் அதுவரை எந்தப் பிடிப்பவரும் தொடாத எண் அது. ஒரு பிடிப்பவர் எட்டக்கூடிய உச்சத்துக்குப் பக்கத்தில் அவர் நின்றார். ஆனாலும் எண்ணை எண்ணோடு வைத்துப் பார்த்தால் பர்தீப்பின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. நிதேஷுக்குச் சிறந்த பிடிப்பவர் விருது கிடைத்தது. மதிப்புமிக்கவர் விருது பவன் செராவத்துக்குப் போனது. பவன் அந்த ஆண்டு அற்புதமாக ஆடினார், அதை மறுக்கவே மாட்டேன். 'சிறந்த பிடிப்பவர்' என்ற பரிசு இருப்பதாலேயே 'மதிப்பு' என்ற சொல் பாடிப் போகிறவருக்கு மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டதே, அதுதான் என் மனத்தாங்கல். அதே 2018இல் அந்த லீக்கின் ஆட்டக்காரர் ஏலத்தில் ஒரு கோடி ரூபாயைத் தொட்டவர்கள் ஆறு பேர். அவர்களில் பிடிப்பதற்கென்றே வாங்கப்பட்டவர் ஈரானின் இடது கார்னர் ஃபசல் அத்ராச்சலி ஒருவர்தான்.

அந்த ஆண்டின் ஆகஸ்டு மாதத்தை நினைத்துப் பாருங்கள். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1990 முதல் தொடர்ந்து ஏழு தங்கம் வென்ற இந்திய ஆண்கள் அணி, ஜகார்த்தாவில் அரையிறுதியில் ஈரானிடம் 18-க்கு 27 என்று தோற்றது. அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால், ராகுல் சௌத்ரி, மோனு கோயத் என்று நாட்டின் பெரிய ரைடர்கள் இருந்த அணி அது. 40 நிமிட ஆட்டத்தில் அவர்களுக்குக் கிடைத்தது 18 புள்ளி. ஃபசலும் அவருடைய தோழர்களும் கோடு கிழித்து நிறுத்திவிட்டார்கள். தோல்விக்கு மறுநாள் நம் பக்கத்தில் எல்லோரும் நம் ரைடர்கள் சரியில்லை என்றே பேசினார்கள். ஈரானின் கை நன்றாக இருந்தது என்று சொன்னவர்கள் குறைவு.

நம் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரையும் சொல்லியாக வேண்டும். தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வந்த தர்மராஜ் சேரலாதன். நாற்பதைக் கடந்த வயதில், தன் வயதில் பாதியே ஆன பிள்ளைகளைக் காலைப் பிடித்து நிறுத்தியவர். 2016இல் நடந்த நான்காம் புரோ கபடி பருவத்தில் பாட்னா பைரேட்ஸ் கோப்பை வென்றபோது அணித்தலைவர் அவர்தான். அதே ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். பின்வரிசையில் நிற்கும் கபடிப் பிள்ளைகளே, பர்தீப்பின் பெயர் உங்கள் எல்லோருக்கும் தெரியும். சேரலாதன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது கபடிக்கு மட்டும் வந்த குறை என்று நினைத்திருந்தேன். கூடைப்பந்தைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் உலகம் முழுவதும் இதே கதை என்று தெரிந்தது. அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக் எதையும் எண்ணாமல் விடாத லீக். அங்கே பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக பில் ரஸ்ஸல் 1956 முதல் 1969 வரை 13 பருவங்கள் ஆடினார். 11 முறை கோப்பை வென்றார். பந்தைத் தடுப்பதையே ஒரு கலையாக மாற்றியவர் அவர். அவர் தன் வாழ்நாளில் எத்தனை பந்துகளைத் தடுத்தார் தெரியுமா? அதிகாரபூர்வக் கணக்கில் ஒன்றுகூட இல்லை. பந்தைத் தடுக்கும் பிளாக்கையும் பறிக்கும் ஸ்டீலையும் அந்த லீக் எண்ணத் தொடங்கியது 1973–74 பருவத்தில்தான். ரஸ்ஸல் அப்போது ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் என்ற விருதை 1983இல்தான் கொடுக்கத் தொடங்கினார்கள். முதலில் பெற்றவர் மில்வாக்கி அணியின் சிட்னி மான்கிரீஃப். அவர் கூடைக்கு அடியில் நிற்காமல் வெளியே ஆடும், நடுத்தர உயரமுள்ள கார்ட். தொடக்கம் நன்றாகவே இருந்தது. போகப் போக அந்த விருது கூடைக்கு அடியில் நிற்கும் உயரமானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. டிக்கெம்பே முட்டோம்போ நான்கு முறை, பென் வாலஸ் நான்கு முறை, ரூடி கோபேர் நான்கு முறை. கார்ட் நிலையில் ஆடுகிறவர் என்றால் 1996இல் கேரி பேட்டன் வாங்கினார். அடுத்தவர் மார்கஸ் ஸ்மார்ட், 2022இல். நடுவில் 26 ஆண்டுகள். எதிரணியின் மிகப் பெரிய ஆட்டக்காரரை வளைகோட்டுக்கு வெளியிலேயே மறித்து, நிமிட நிமிடமாக மூச்சு முட்ட வைக்கிற கார்டுகளுக்கு அந்த 26 ஆண்டுகளில் ஒரு முறைகூட அது கிடைக்கவில்லை.

ஏன் என்று பார்த்தால், வாக்களிக்கும் முறையிலேயே பதில் இருக்கிறது. வாக்களிப்பவர்கள் விளையாட்டுச் செய்தியாளர்களும் வர்ணனையாளர்களுமாக ஏறத்தாழ 100 பேர். ஒவ்வொருவரும் மூன்று பெயர் எழுதுகிறார்கள். முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1. லீக்கில் 30 அணிகள், ஆளுக்கு 82 ஆட்டங்கள். மொத்தம் 1,230 ஆட்டங்கள். ஒரு மனிதரால் எத்தனை பார்க்க முடியும்? பார்க்க முடியாததற்குப் பதிலாகத் தாளைப் பார்க்கிறார்கள். தாளில் இருப்பது பிளாக், ஸ்டீல், ரீபவுண்டு. பந்தைக் கையால் தட்டிவிட்டால் அது எண்ணாகும். பந்து தன் ஆளிடம் வரவே முடியாதபடி வழியை அடைத்து நின்றால், வராத பந்துக்கு எண் கிடையாது. அந்த 100 பேரும் நேர்மையானவர்கள்தான். அவர்களுக்குக் கொடுத்த தாள் அப்படி.

புரூஸ் போவன் என்று ஒருவர் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அணியில் இருந்தார். 1993இல் கல்லூரியை முடித்தபோது எந்த அணியும் அவரைத் தேர்வு செய்யவில்லை. தன் ஆட்ட வாழ்வில் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 6 புள்ளி எடுத்தவர். எதிரணியின் முதன்மை ஆட்டக்காரர் யாரோ அவரைத் தன் தலையில் போட்டுக்கொள்வது அவர் வேலை. ஸ்பர்ஸ் 2003, 2005, 2007இல் கோப்பை வென்றது. மூன்றிலும் அவர் இருந்தார். சிறந்த தடுப்பாட்டக்காரர் வாக்கெடுப்பில் 2005இல் இரண்டாம் இடம், 2006இல் இரண்டாம் இடம், 2007இல் இரண்டாம் இடம். முதலிடத்துக்கு வந்தது உயரமான சென்டர்கள்: வாலஸ் இரண்டு முறை, மார்கஸ் கேம்பி ஒரு முறை. போவனின் ஆட்டம் முரடானது என்று சொன்னவர்களும் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் அதே ஆண்டுகளில் பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுக்கும் சிறந்த தடுப்பாட்ட அணியில், 2004 முதல் 2008 வரை ஐந்து ஆண்டும் முதல் அணியில் அவர் பெயர் இருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். என்.பி.ஏ.யில் நெடுங்காலம் இரண்டு வாக்கெடுப்புகள் தனித்தனியாக நடந்தன. ஆண்டின் தடுப்பாட்டக்காரரைச் செய்தியாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். சிறந்த தடுப்பாட்ட அணியைப் பயிற்சியாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள், தங்கள் அணியினருக்கு வாக்களிக்கக் கூடாது என்ற விதியோடு. 2012இல் செய்தியாளர்கள் டைசன் சாண்ட்லரை லீக்கின் முதல் தடுப்பாட்டக்காரர் என்றார்கள். பயிற்சியாளர்கள் அவரை இரண்டாம் அணியில்தான் வைத்தார்கள். 2013இல் செய்தியாளர்கள் மார்க் கசோலைத் தேர்ந்தெடுத்தார்கள். பயிற்சியாளர்கள் அவரையும் இரண்டாம் அணியில் வைத்தார்கள். ஒரே ஆட்டத்தைப் பார்த்த இரண்டு கூட்டம் இரண்டு பதில் சொன்னது. பயிற்சியாளர்களும் மனிதர்கள், பழைய பெயருக்கு மயங்கி எழுதியதும் உண்டு. ஆனால் ஒருவர் வந்து நின்றால் நாளைக்கு என் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்குமா என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். 2014இலிருந்து இரண்டு வாக்கும் செய்தியாளர்களிடமே போய்விட்டது. அது தவறான முடிவு என்பது என் கருத்து.

டிம் டங்கன் 15 முறை சிறந்த தடுப்பாட்ட அணிகளில் இடம்பெற்றவர். ஸ்காட்டி பிப்பன் 10 முறை. இருவருக்கும் ஆண்டின் தடுப்பாட்டக்காரர் விருது ஒரு முறைகூடக் கிடைக்கவில்லை. மறுபக்கம், மதிப்புமிக்கவர் விருதையும் தடுப்பாட்ட விருதையும் ஒரே பருவத்தில் சேர்த்து வாங்கியவர்கள் மூன்றே பேர்: 1988இல் மைக்கேல் ஜோர்டன், 1994இல் ஹக்கீம் ஒலாஜுவான், 2020இல் யானிஸ் அன்டெட்டோகும்போ. மூவரும் புள்ளி குவித்தவர்கள். புள்ளி எடுக்கிற கைதான் தடுக்கவும் செய்தது என்றால் உலகம் உடனே பார்க்கிறது.

விருது என்பது அலமாரியில் வைக்கும் பொருள் மட்டும் அல்ல. என்.பி.ஏ.யில் ஒருவர் கேட்கக்கூடிய அதிகபட்சச் சம்பளத்தின் உச்சவரம்பையே சில விருதுகள் உயர்த்துகின்றன; தடுப்பாட்ட விருது அவற்றில் ஒன்று. நம் பக்கத்தில் அது ரயில்வே வேலை, போலீஸ் வேலை, விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம். சான்றிதழில் 'சிறந்த ஆட்டக்காரர்' என்று ஒரு வரி இருந்தால் ஒரு குடும்பம் கரையேறும். அதனால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திப் பேசுகிறேன்.

2013–14 பருவத்திலிருந்து என்.பி.ஏ. அரங்குகள் எல்லாவற்றிலும் கூரையில் கேமரா வைத்து ஒவ்வொருவரின் அசைவையும் அளக்கிறார்கள். விரல் பட்டுத் திசை மாறிய பந்து, கை உயர்த்தி மறித்த வீச்சு எல்லாம் இப்போது எண்ணப்படுகின்றன. நல்லதுதான். ஆனால் எறியலாமா என்று நினைத்துவிட்டு எறியாமலே விட்ட பந்து எந்தக் கேமராவுக்கும் அகப்படாது. அது எறிய நினைத்தவன் மனத்தில் நடந்தது.

நம் முன்னோர் இதை எப்படிக் கையாண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தொல்காப்பியத்தின் புறத்திணைகளில் ஆநிரை கவரப் போவது வெட்சி, கோட்டையை முற்றுகையிடுவது உழிஞை. கவர்ந்த மாடுகளை மீட்கும் கரந்தை வெட்சிக்குள்ளேயே அடங்கியது. கோட்டையைக் காக்கும் நொச்சி உழிஞைக்குள் அடங்கியது. போகிறவனுக்குத் திணை, காக்கிறவனுக்கு அதன் உள்ளே ஓர் ஓரம். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை அந்த இரண்டையும் வெளியே எடுத்துத் தனித் திணைகளாக்கி, திணைகளைப் பன்னிரண்டாக்கியது. மதிலுக்குள் நின்று காத்தவனுக்கு நொச்சிப் பூ தனியாகக் கிடைத்தது. இலக்கணக்காரர்களே யோசித்துத் திருத்திய கணக்கு அது.

ஊர்மக்களோ அந்தத் திருத்தத்துக்காகக் காத்திருக்கவில்லை. நம் சித்தூர்ப் பக்கத்திலும், தெற்கே செங்கம் வட்டாரத்திலும் நடுகற்கள் ஏராளம். அவற்றில் எத்தனையோ கற்கள் தொறு மீட்டுப் பட்டவர்களுக்காக, அதாவது மாடுகளை மீட்கப் போய் உயிர் விட்டவர்களுக்காக எழுப்பப்பட்டவை. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்துக் கல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் இருக்கிறது. கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல். அவன் பக்கத்தில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துவிட்டு அங்கேயே காவல் நின்றது என்றும் கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். காத்து நின்ற ஒரு நாயின் பெயர் ஆயிரத்து நானூறு ஆண்டுகளாகத் தெரிகிறது. அந்தப் பெயரைக் கல்லில் ஏற்றியவர்கள் தூரத்திலிருந்து வந்த நடுவர்கள் அல்ல. தொழுவத்தில் மாடு திரும்பி வந்து நின்றதைக் கண்ணால் பார்த்தவர்கள்.

இனி அந்த ஒரு பிடியின் கதை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரதோஷத்துக்குச் சுருட்டப்பள்ளி போயிருந்தேன். நஞ்சுண்ட களைப்பில் அம்பிகையின் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கும் இறைவன் கோயில் அது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த நஞ்சு கழுத்துக்குக் கீழே இறங்காமல் ஒரு கை பிடித்து நிறுத்தியது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பிரகாரத்தில் ஒரு பெரியவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். ஊத்துக்கோட்டைப் பக்கத்து அந்த ரைடர். தலை முழுக்க நரைத்திருந்தது. நலம் விசாரித்து முடிப்பதற்குள் கேட்டார்: "உங்க எடது கார்னர் எப்படி இருக்காரு சார்? அன்னிக்கி மொத பாட்டுலயே கால்ல ஒரு பிடி போட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பக்கம் நான் போகவே இல்ல. என் ஆட்டமே அந்தப் பக்கந்தான். எல்லாத்தையும் மறுபக்கமாவே ஆடித் தோத்தேன்."

நாற்பது ஆண்டுகளில் எங்கள் கார்னருக்கு விழுந்த முதல் வாக்கு அது. அன்றைக்கே யாராவது அந்த ரைடரிடம் கேட்டிருந்தால் மேடையிலேயே விழுந்திருக்கும். ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அதனால் இந்த அறக்கட்டளையாரிடமும், பொங்கல் ஆட்டங்களை நடத்தும் இளைஞர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இறுதி ஆட்டம் முடிந்தவுடன், பரிசு மேசைக்குப் போவதற்கு முன், இரு அணியிலும் பாடிப் போனவர்கள் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுங்கள். தமிழிலோ தெலுங்கிலோ எழுதட்டும். ஒரே கேள்வி: எதிரணியில் யார் நின்ற பக்கம் போக யோசித்தாய்? தன் அணியினர் பெயரை எழுதக் கூடாது. அதிகச் சீட்டில் வரும் பெயருக்கு, சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் அதே அளவுக் குடம், சிறியதாக வேண்டாம். சான்றிதழிலும் 'சிறந்த ஆட்டக்காரர்' என்றே எழுதுங்கள். முதல் ஆண்டுக் குடத்தை நான் வாங்கித் தருகிறேன். அதைக் கொடுக்க எங்கள் இடது கார்னரை அழைத்து வருவதும் என் பொறுப்பு. இப்போது அவருக்கு முழங்கால் வலி, பஸ் ஏற்ற ஒரு ஆள் கூட வர வேண்டும்.